கணினி தரும் மதிப்பெண்: கணக்கைக் காட்டுவது யார்?

புது தில்லி: ஆந்திர மாநிலம் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் உள்ள பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் இருந்து எம்.பி.ஏ. படிக்க விரும்பும் பட்டதாரி ஒருவர், குறைந்தது மூன்று நுழைவுத் தேர்வுகளை எழுதிப் பார்க்கலாம். முதலாவது, ஆந்திர அரசின் ஐ.செட். அடுத்தது, தேசிய தேர்வு முகமை நடத்தும் சி-மேட். மூன்றாவது, இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐ.ஐ.எம்.கள் கூட்டாக நடத்தும் கேட்.

மூன்றுமே கணினி வழித் தேர்வுகள். தேர்வு ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகளில் நடந்தால், சரியான விடைகளைக் கூட்டிப் போட்ட மதிப்பெண் அப்படியே மாணவர் கைக்கு வருவதில்லை. அமர்வுகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைச் சமன்செய்த பிறகே வருகிறது. ஆனால், முறைகேடு நடந்தால் பாயும் சட்டம் மூன்றுக்கும் ஒன்றல்ல.

வினாத்தாள் கசிவைத் தடுக்க நாடாளுமன்றம் 2024-ல் நிறைவேற்றிய தனிச் சட்டத்தின் அட்டவணையில் தேசிய தேர்வு முகமையின் பெயர் உள்ளது. ஐ.ஐ.எம்.களின் பெயர் இல்லை. நாட்டின் மிகப் பெரிய மேலாண்மை நுழைவுத் தேர்வு, அதிலும் ஒருமுறை வினாத்தாள் கசிந்து ரத்தான தேர்வு, இவ்வாறு வெளியே நிற்கிறது.

காகிதம் தோற்ற கதை

கேட் தேர்வு கணினிக்கு மாறியதன் பின்னணியில் 2003-ம் ஆண்டு நிகழ்வுக்கு முக்கிய இடமுண்டு. அந்த ஆண்டு நவம்பர் 23-ம் தேதி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேனாவும் பென்சிலுமாகத் தேர்வு எழுதி முடித்தனர். வினாத்தாள் முன்கூட்டியே கசிந்திருந்ததை சிபிஐ அம்பலப்படுத்தியது. தேர்வு ரத்து செய்யப்பட்டு, 2004 பிப்ரவரி 15-ல் மறுதேர்வு நடத்தப்பட்டது. தவறு செய்யாதவர்களும் இரண்டாம் முறை பயணச் செலவு செய்து, இரண்டாம் முறை தேர்வறைக்குச் செல்ல நேர்ந்தது.

ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே வினாத்தாளை நாடெங்கும் கொண்டுசேர்க்கும் முறையில் அச்சகம், கிடங்கு, வாகனம், தேர்வு மையம் என ஒவ்வொரு கட்டத்திலும் கசிவுக்கு வழியுண்டு. கணினி முறையில் அச்சகமும் இல்லை, கட்டுகளும் இல்லை. வினாக்களைப் பூட்டிய கோப்பாகக் கணினி வலையமைப்பு வழியே அனுப்பி, தேர்வு தொடங்கும் வேளையில் திறக்கலாம். இந்த நம்பிக்கையுடன்தான் 2009-ல் கேட் தேர்வு கணினிக்கு மாற்றப்பட்டது.

முதல் நாளிலேயே முடக்கம்

அமெரிக்காவைச் சேர்ந்த புரோமெட்ரிக் நிறுவனத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. ஏறத்தாழ 2.4 லட்சம் பேர் பதிவு செய்திருந்தனர். இத்தனை பேரை ஒரே நேரத்தில் அமர்த்தக் கணினிகள் போதாது என்பதால், 2009 நவம்பர் 28 முதல் டிசம்பர் 7 வரை பத்து நாள்களுக்கு, 32 நகரங்களில் தேர்வு நடத்த ஏற்பாடாயிற்று.

முதல் நாளிலேயே பல மையங்களில் கணினிகள் முடங்கின. சில இடங்களில் தேர்வு தொடங்கவே இல்லை. சில இடங்களில் திரை பாதியில் உறைந்தது. கான்பிக்கர், நிம்டா ஆகிய கணினி வைரஸ்கள் தாக்கியதே காரணம் என புரோமெட்ரிக் விளக்கம் அளித்தது. நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல், ஐ.ஐ.எம்.களிடம் அறிக்கை கேட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கு 2010 ஜனவரி 30, 31 தேதிகளில் மறுதேர்வு நடந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் காகிதத்தால் நேர்ந்த மறுதேர்வு, இப்போது கணினியால் நேர்ந்தது. வேறுபாடு ஒன்று உண்டு. 2003-ல் தவறு எங்கே நடந்தது என்பதை எவரும் புரிந்துகொள்ள முடிந்தது; வினாத்தாள் விற்கப்பட்டது, அவ்வளவுதான். 2009-ல் தன் கணினி ஏன் நின்றது, அதற்கு முன் குறித்த விடைகள் பதிவாயினவா என்பதை, எதிரே அமர்ந்திருந்த மாணவர் தானாக அறிந்துகொள்ள வழி இருக்கவில்லை. ஒப்பந்த நிறுவனம் சொல்வதை ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை.

தேர்வறையோடு பிரச்னை முடிவதும் இல்லை. 2012-ம் ஆண்டு தேர்வின் முடிவுகளை வெளியிட்ட இணையதளத்தில் 80 பேரின் மதிப்பெண்கள் மாற்றப்பட்டதாக 2013-ல் புகார் எழுந்தது. தேர்வு ஒழுங்காக நடந்தாலும், முடிவு வெளியாகும் கடைசிக் கட்டத்திலும் கை வைக்க முடியும் என்பதை அந்தப் புகார் உணர்த்தியது.

இருபது நாளில் இருந்து ஒரே நாள்

அனுபவம் சில மாற்றங்களைக் கொண்டுவந்தது. 2010 முதல் 2013 வரை தேர்வு 20 நாள் அளவுக்கு நீண்டது. நாள்கள் கூடக் கூட, வினாத்தாள்களின் எண்ணிக்கையும் கூடியது. அவற்றின் கடினத்தன்மை ஒன்றுபோல் இருந்ததா என்ற ஐயமும் வளர்ந்தது. முதல் நாள் எழுதியவர் வெளியே வந்து சொன்ன வினா, பத்தாம் நாள் எழுதுபவருக்கு உதவுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது.

2014-ல் டி.சி.எஸ். நிறுவனம் நடத்தும் பொறுப்பை ஏற்றபோது, தேர்வு இரண்டே நாளாக, நான்கு அமர்வுகளாகச் சுருங்கியது. 2015-ல் ஒரே நாள், இரண்டு அமர்வுகள் என்றானது. கொரோனா பரவிய 2020-ல் நெரிசலைத் தவிர்க்க அமர்வுகள் மூன்றாயின. நேரம் மூன்று மணியில் இருந்து இரண்டு மணியாகக் குறைந்தது. அந்த அமைப்பே இன்றும் தொடர்கிறது. 2024 நவம்பர் 24-ல் ஐ.ஐ.எம். கொல்கத்தா நடத்திய தேர்வுக்கு 3.29 லட்சம் பேர் பதிவு செய்ய, 2.93 லட்சம் பேர் எழுதினர். 2025 நவம்பர் 30-ல் நடத்தும் முறை ஐ.ஐ.எம். கோழிக்கோட்டுக்கு வந்தது.

தேர்வறையில் நடப்பது என்ன?

கைரேகை அல்லது புகைப்படப் பதிவு, சோதனை ஆகியவை முடிந்த பின் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி ஒதுக்கப்படுகிறது. அந்தக் கணினிக்கு வெளி இணையத்துடன் தொடர்பு இருக்கக் கூடாது. மையத்தின் சர்வருடன் மட்டுமே பேச வேண்டும் என்பது இத்தகைய தேர்வுகளின் பொது விதி. மாணவர் விடையைக் குறித்துச் சேமிக்கும்போது அது சர்வரில் பதிவாகிறது. எனவே, நடுவில் கணினி பழுதானால் வேறு கணினிக்கு மாற்றி, விட்ட இடத்தில் இருந்து தொடரச் செய்ய முடியும்.

கேட் தேர்வில் ஆங்கில மொழித் திறன், தரவு விளக்கமும் தர்க்கமும், கணிதத் திறன் என மூன்று பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். மாற்றுத் திறனாளிகளுக்கு 53 நிமிடம் 20 விநாடி. ஒரு பிரிவின் நேரம் முடியும் முன் அடுத்ததற்குத் தாவவும், முடிந்த பின் பழையதற்குத் திரும்பவும் முடியாது. 2024-ல் கேட்கப்பட்டவை மொத்தம் 68 வினாக்கள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்வு செய்யும் வினாவில் தவறினால் ஒரு மதிப்பெண் குறையும். விடையைத் தட்டச்சு செய்யும் வினாக்களுக்குக் கழிவு இல்லை. கால்குலேட்டர் திரையிலேயே தரப்படுகிறது.

வெளிநாட்டு மேலாண்மைப் பள்ளிகளுக்கான ஜி-மேட் தேர்வு வேறு வகை. அது 1997 முதல் கணினியில் நடக்கிறது. அதில் ஒருவர் சரியாக விடையளிக்க அளிக்க அடுத்த வினா கடினமாகும், தவறினால் எளிதாகும். ஆக, ஒவ்வொருவருக்கும் தனி வினாத்தாள். வினாக்களின் கடினத்தன்மை முன்பே சோதித்து அளக்கப்பட்டிருப்பதால் ஆண்டு முழுவதும் தேர்வு நடத்த முடிகிறது. கேட் அவ்வாறல்ல. ஒரே அமர்வில் எழுதுவோர் அனைவருக்கும் வினாக்கள் ஒன்றே. அமர்வுக்கு அமர்வு மட்டுமே வினாத்தாள் மாறும்.

33 எப்போது 36 ஆகும், எப்போது 31 ஆகும்?

காலையில் எழுதியவருக்குக் கடினமான வினாத்தாள், மாலையில் எழுதியவருக்கு எளிதான வினாத்தாள் என்று அமைந்துவிட்டால், இருவர் மதிப்பெண்ணையும் அப்படியே ஒப்பிடுவது அநீதி. இதைச் சரிசெய்யவே சமன்செய்யும் முறை. பொறியியல் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வில் பின்பற்றப்படும் முறையை ஒத்தது இது. ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் இதன் சாரத்தைப் புரிந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு அமர்வுக்கும் இரண்டு எண்கள் எடுக்கப்படுகின்றன. முதலாவது, எல்லோரின் சராசரியுடன் திட்ட விலக்கத்தைக் கூட்டி வரும் எண். இரண்டாவது, முதல் 0.1 சதவீதத்தினர் பெற்ற சராசரி. இதே இரு எண்கள் எல்லா அமர்வுகளையும் சேர்த்தும் கணக்கிடப்படும். பின்னர், அமர்வின் அளவுகோல் மொத்த அளவுகோலுக்குப் பொருந்துமாறு ஒவ்வொருவர் மதிப்பெண்ணும் நீட்டப்படும் அல்லது சுருக்கப்படும்.

ஒரு பிரிவில் மொத்த அளவுகோலின் எண்கள் 25, 58 என வைத்துக்கொள்வோம், இடைவெளி 33. கடினமான காலை அமர்வில் அவை 23, 53, இடைவெளி 30. அப்படியானால் காலையில் ஒரு மதிப்பெண் 1.1-க்குச் சமம். காலையில் 33 பெற்றவர் 23-ஐவிட 10 அதிகம் பெற்றுள்ளார். அது 11 ஆகி, 25-உடன் சேர்ந்து 36 ஆகிறது. எளிதான மாலை அமர்வின் எண்கள் 27, 60. இடைவெளி 33 என்பதால் பெருக்கல் இல்லை. மாலையில் அதே 33 பெற்றவருக்கு 6 மட்டுமே அதிகம். அது 25-உடன் சேர்ந்து 31 ஆகிறது.

விடைத்தாளில் 33 பெற்ற இருவரில் ஒருவருக்கு 36, மற்றவருக்கு 31. கணக்கில் பிழையில்லை, நோக்கமும் நியாயமானதே. ஆனால் இது ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது. காலை, மதியம், மாலை அமர்வுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்ட மாணவர்கள் சராசரியில் ஒரே திறன் உடையவர்கள் என்பதே அந்த அனுமானம். கண்ணை மூடிக்கொண்டு பிரித்திருந்தால், லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் அது பெரும்பாலும் பொருந்தும். எண்ணிக்கை குறையக் குறைய உறுதியும் குறையும். தேர்வு 20 நாள்களாக நீண்ட காலத்தில் எழுந்த முணுமுணுப்புக்கும், பின்னர் அமர்வுகள் குறைக்கப்பட்டதற்கும் பொருள் இங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பிறகே, பெர்சன்டைல் எனப்படும் சதமான நிலை கணக்கிடப்படுகிறது. 99 பெர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 99 மதிப்பெண் அன்று. எழுதியவர்களில் 99 சதவீதத்தினர் இவருக்குக் கீழே உள்ளனர் என்று பொருள். 2024-ம் ஆண்டுக் கணக்குப்படி, அந்த இடத்தில் இருப்பவருக்கு மேலே இன்னும் சுமார் 2,900 பேர் இருப்பார்கள்.

திருப்பதி வரை வந்த தேர்வு

கணினி முறையால் கிராமப்புற மாணவருக்குக் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்ல இயலாது. 2009-ல் 32 நகரங்களில் நடந்த தேர்வு, 2024-ல் சுமார் 170 நகரங்களில் நடந்தது. திருப்பதியும் அவற்றில் ஒன்று. சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று முதல் நாளே அறை எடுத்துத் தங்கும் செலவு பலருக்கு மிச்சமாகியுள்ளது.

ஆயினும், அமர்வைத் தேர்வு செய்யும் உரிமை மாணவருக்கு இல்லை. காலை 8.30 மணி அமர்வு கிடைத்தால், 8.15-க்குள் வாசலைத் தாண்டியாக வேண்டும். சித்தூரில் இருந்து திருப்பதிக்கு சுமார் 70 கிலோமீட்டர். சித்தூரைத் தாண்டி உட்கிராமத்தில் இருப்பவர் முதல் பேருந்துக்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 2025-ல் கட்டணம் 2,600 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளிகளுக்கு அதில் பாதி.

மொழி மற்றொரு தடை. ஆந்திர அரசின் ஐ.செட் தேர்வு 200 வினாக்கள், 150 நிமிடம் கொண்டது. ஆங்கிலத்துடன் தெலுங்கிலும் வினாக்கள் தரப்படுகின்றன. தவறான விடைக்குக் கழிவும் இல்லை. திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 2019-ல் இத்தேர்வை நடத்தியுள்ளது. கேட் தேர்விலோ ஆங்கிலம் மட்டுமே. தாய்மொழியில் பட்டம் பெற்றவருக்குத் தரவு விளக்கப் பகுதியிலும் ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் நேரம் சேர்கிறது. 40 நிமிடக் கடிகாரம் அதற்காக நிற்பதில்லை. வீட்டில் கணினி இல்லாதவருக்கு, திரையில் வினாக்களை மாற்றி மாற்றிப் பார்க்கும் பழக்கமும் தேர்வுக்கு முன் மாதிரித் தேர்வில்தான் கிடைக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

2024 பிப்ரவரியில் இரு அவைகளிலும் நிறைவேறி, அந்த ஆண்டு ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தேர்வுகள் (முறைகேடுகள் தடுப்பு) சட்டம், வினாத்தாள் கசிவை மட்டுமின்றி, தேர்வுக்கான கணினி வலையமைப்பில் குறுக்கிடுவதையும் குற்றமாக்குகிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. கூட்டுச் சதி என்றால் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை. தேர்வு நடத்தும் ஒப்பந்த நிறுவனம் தவறிழைத்தால் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், நான்கு ஆண்டு தடையும் விதிக்கலாம். தேர்வுச் செலவையும் வசூலிக்கலாம். இக்குற்றங்களில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது.

அட்டவணையில் மத்திய பணியாளர் தேர்வாணையம், பணியாளர் தேர்வு ஆணையம், ரயில்வே தேர்வு வாரியங்கள், வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம், மத்திய அமைச்சகங்கள், தேசிய தேர்வு முகமை ஆகியவை உள்ளன. மேலும் அமைப்புகளைச் சேர்க்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அறிவிக்கை ஒன்றே போதும். மாநிலத் தேர்வுகள் மாநில அரசுகளின் பொறுப்பு.

இதனால், கேட் தேர்வில் குற்றம் நடந்தால் தண்டனையே கிடையாது என்று பொருளல்ல. பொதுவான குற்றவியல் சட்டமும், 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டமும் பொருந்தும். 2003-ல் சிபிஐ செயல்பட்டதும் அப்போதைய பொதுச் சட்டங்களின் துணையுடன்தான். ஆனால், ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பைத் தனியே வரையறுக்கும் பிரிவுகள் சி-மேட் எழுதுபவருக்குக் காப்பாக உள்ளன. கேட் எழுதுபவருக்கு இல்லை.

ஐ.ஐ.எம்.களுக்குத் தன்னாட்சி வழங்கும் 2017-ம் ஆண்டுச் சட்டம், 2018 ஜனவரி 31-ல் நடைமுறைக்கு வந்தது. 2023-ல் அது திருத்தப்பட்டு, குடியரசுத் தலைவர் ஐ.ஐ.எம்.களின் பார்வையாளர் ஆனார். ஐ.ஐ.எம்.களின் ஆண்டறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகின்றன. பாடத்திட்டம், கட்டணம், சேர்க்கை ஆகியவற்றில் அரசு தலையிடக் கூடாது என்பதே தன்னாட்சியின் நோக்கம். முறைகேட்டைத் தண்டிக்கும் சட்டத்தின் கீழ் தேர்வைக் கொண்டுவருவது அந்தத் தன்னாட்சியில் கைவைப்பதாகாது. வினாத்தாளைத் தயாரிப்பதும், யாரைச் சேர்ப்பது என முடிவு செய்வதும் அப்போதும் ஐ.ஐ.எம்.களிடமே இருக்கும்.

கணினி மட்டும் போதாது

காகிதத்தில் நடந்த 2024-ம் ஆண்டு நீட் தேர்வில் வினாத்தாள் கசிந்ததைத் தொடர்ந்து, இஸ்ரோ முன்னாள் தலைவர் கே.ராதாகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு குழு அமைத்தது. வினாத்தாளைக் கணினி வழியே பாதுகாப்பாக மையங்களுக்கு அனுப்பும் வழிகளையும் அக்குழு பரிந்துரைத்தது. காகிதத்தின் நோய்க்குக் கணினியே மருந்து என்ற எண்ணம் தில்லியில் வலுத்து வருகிறது.

ஆனால், கணினியில் நடந்த 2021-ம் ஆண்டு ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில், அரியாணா மாநிலம் சோனிபட்டில் உள்ள மையத்தின் கணினிகளைத் தொலைவில் இருந்து இயக்கி வேறொருவர் விடை எழுதியதாக சிபிஐ வழக்கு தொடர்ந்தது. இது தொடர்பாக, ரஷிய நாட்டவர் ஒருவர் 2022 அக்டோபரில் தில்லி விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டார். பூட்டு மாறினால் திருட்டின் முறையும் மாறும் என்பதற்கு இது சான்று.

மாணவர் தானே சரிபார்க்கும் வழி ஓரளவு திறந்திருக்கிறது. தேர்வு முடிந்த சில நாள்களில் அவர் குறித்த விடைகளும், சரியான விடைக் குறிப்பும் வெளியிடப்படுகின்றன. விடை தவறு எனக் கருதினால் கட்டணம் செலுத்தி ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2009-ல் திரை உறைந்து நின்ற மாணவருக்கு இல்லாத வசதி இது. தன் 33 மதிப்பெண்ணை அவர் வீட்டில் அமர்ந்தே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த 33 எப்படி 36 ஆயிற்று, அல்லது ஏன் 31 ஆயிற்று என்பதைத்தான் அவரால் சரிபார்க்க இயலாது. அவரது அமர்வின் சராசரி, திட்ட விலக்கம், முதல் 0.1 சதவீதத்தினரின் சராசரி ஆகியவை மதிப்பெண் அட்டையில் இடம்பெறுவதில்லை. ஒவ்வொரு அமர்வுக்கும் பிரிவுக்கு மூன்று எண்கள். மூன்று பிரிவுக்கு ஒன்பது. மூன்று அமர்வுகளுக்கும் சேர்த்து 27 எண்கள். மொத்த அளவுகோலின் எண்களையும் சேர்த்து ஒரே பக்கத்தில் அச்சிட்டுவிடலாம். வினாக்களை வெளியிட்ட பிறகு இவற்றில் காக்க வேண்டிய ரகசியம் எதுவும் இல்லை.

அட்டவணையில் ஒரு பெயரைச் சேர்க்க மத்திய அரசின் ஓர் அறிவிக்கை போதும். அந்த ஒரு பக்கத்தை வெளியிட ஐ.ஐ.எம்.களின் முடிவு போதும். இரண்டுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. அதிகாலை இருட்டில் ஊரில் இருந்து கிளம்பித் திருப்பதி மையத்தின் வாசலில் நிற்கும் மாணவர் கேட்பது, தான் வாங்கிய மதிப்பெண்ணின் கணக்கைத்தான்.